சார்லஸ் மெக்கீ ஏன் விமானப்படையை விட்டுப் போகவில்லை?

தாழப்பறக்கும்காகம்:

இரண்டாம் உலகப் போர் விமானிகளைப் பற்றி இங்கே பேச்சு எழும்போதெல்லாம் யார் எத்தனை விமானத்தை வீழ்த்தினார் என்ற கணக்கில்தான் போய் நிற்கிறோம். அந்தக் கணக்கில் ஒரே ஒரு விமானம் மட்டும் வைத்திருக்கும் ஒருவரைப் பற்றிப் பேச ரொம்ப நாளாக ஆசை. அமெரிக்க விமானப்படையின் சார்லஸ் எட்வர்ட் மெக்கீ. டஸ்கீகி விமானிகளில் ஒருவர், அதாவது இரண்டாம் உலகப் போரின்போது டஸ்கீகி என்ற ஊரில் தனியாகப் பயிற்சி பெற்ற கறுப்பின விமானிகளில் ஒருவர்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1919 டிசம்பர் 7, ஒஹாயோ மாநிலத்தின் கிளீவ்லேண்டில் பிறந்தார். சிறு வயதிலேயே அம்மா இறந்துவிட்டார். அப்பா ஆசிரியர், சமூகப் பணியாளர், சபைப் போதகர் எனப் பல வேலைகள் பார்த்தவர் என்பதால் குடும்பம் ஊர் ஊராக மாறிக்கொண்டே இருந்தது. சிகாகோவில் பள்ளிப் படிப்பை முடித்தார். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்துக்கொண்டிருந்தபோது, சரியாக அவருடைய 22-வது பிறந்தநாளன்று பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்டது.

1942 அக்டோபர் 17 அன்று பிரான்சஸ் நெல்சனைக் கல்யாணம் செய்துகொண்டார். அக்டோபர் 26 அன்று ராணுவத்தில் சேர்ந்துவிட்டார். நடுவில் ஒன்பதே நாள். அலபாமாவின் டஸ்கீகியில் பயிற்சி முடித்து 1943 ஜூன் 30 அன்று விமானியானார். 1944 தொடக்கத்தில் இத்தாலி. அந்த வருடம் ஆகஸ்ட் 24 அன்று செக்கோஸ்லோவாக்கியா வானில் குண்டுவீச்சு விமானங்களுக்குக் காவலாகப் போனபோது ஃபோக்கெ வுல்ஃப் 190 என்ற ஜெர்மன் போர்விமானம் ஒன்றை வீழ்த்தினார். டிசம்பரில் ஊர் திரும்பி டஸ்கீகியிலேயே பயிற்றுநர் ஆனார். அப்புறம் கொரியா, அப்புறம் வியட்நாம். 1973 ஜனவரி 31 அன்று கர்னலாக ஓய்வு பெற்றார். மூன்று போர்களிலும் சேர்த்து 409 போர்ப் பறப்புகள், வாழ்நாளில் 6,300 மணி நேரத்துக்கு மேல் வானில். மூன்று பிள்ளைகள். 2022 ஜனவரியில், 102 வயதில் காலமானார்.

என் கேள்வி இதுதான். 1945-இல் போர் முடிந்ததும் லட்சக்கணக்கானவர்கள் சீருடையைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். மனைவியும் பிள்ளைகளும் உள்ள மனிதர், அதுவும் தன்னை இரண்டாந்தரமாக நடத்திய ஒரு படையில், ஏன் முப்பது வருடம் இருந்தார்? வீரம் என்ற ஒற்றைச் சொல்லில் இதை அடைத்துவிடக் கூடாது என்று நினைக்கிறேன். உங்களுக்கு என்ன தோன்றுகிறது?

---

சூலூர்க்காற்று:

நல்ல ஆளை எடுத்திருக்கிறீர்கள். நான் நம் விமானப்படையில் தரைப் பணியாளராகப் பல வருடம் இருந்தவன், அதனால் இந்த இழையில் நிறையப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த எண்ணிக்கை. 409 என்றதும் எல்லோரும் மலைத்துப் போவார்கள். அதில் இரண்டாம் உலகப் போரில் பறந்தது மட்டும் 130-க்கு மேல். அந்த எண் எப்படி வந்தது? அன்றைக்கு இத்தாலியில் இருந்த வெள்ளைக்காரப் போர் விமானி சுமார் 50 பறப்பு முடித்தால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். அவர் இடத்தை நிரப்ப அமெரிக்கா முழுக்கப் பயிற்சிப் பள்ளிகள் இருந்தன. கறுப்பின விமானிகளுக்கு டஸ்கீகி ஒன்றுதான். 1941-லிருந்து 1946 வரை அங்கே தேறியவர்கள் 992 பேர், அவர்களில் கடல் கடந்து போருக்குப் போனவர்கள் 355 பேர். மாற்று ஆள் வந்தால்தானே இருப்பவரை விடுவிக்க முடியும்? அதனால் இருந்தவர்களே திரும்பத் திரும்பப் பறந்தார்கள்.

ஆக, மெக்கீயின் அந்தப் பெரிய எண்ணுக்குள் நிறப் பாகுபாட்டின் பங்கும் இருக்கிறது. அவரைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் எண்ணை மட்டும் சொல்லிவிட்டு இதை விட்டுவிடுவது எனக்கு வருத்தமாக இருக்கும். ஒவ்வொரு பறப்பும் உயிரைப் பணயம் வைப்பது. மற்றவரைவிட இரண்டு மடங்குக்கும் மேலாக அதை அவர் செய்ய நேர்ந்தது.

---

கணக்குவாத்தியார்:

எண்ணிக்கை பற்றியே இரண்டு விஷயம்.

ஒன்று, மூன்று போர்களில் பறந்தவர்களில் மெக்கீயின் 409 தான் அதிகம் என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். அது சரியில்லை. அதே மூன்று போர்களில் பறந்த ரால்ஃப் பார் 641 பறப்புகள் முடித்தவர். மெக்கீயின் எண் மிகப் பெரிய எண்களில் ஒன்று என்று சொன்னால் போதும், அவருடைய பெருமை ஒரு துளியும் குறையாது.

இரண்டு, “டஸ்கீகி விமானிகள் காவல் போன குண்டுவீச்சு விமானம் ஒன்றைக்கூட எதிரியிடம் பறிகொடுத்ததில்லை” என்ற பேச்சு. பல வருடம் எல்லோரும் நம்பியது. விமானப்படையின் வரலாற்றாய்வாளர் டேனியல் ஹால்மன் பழைய பறப்பு அறிக்கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, எதிரி விமானங்களிடம் 27 குண்டுவீச்சு விமானங்கள் விழுந்தன என்று காட்டினார். இவர்கள் இருந்த அதே பதினைந்தாம் வான்படையில் (இத்தாலியிலிருந்து பறந்த அமெரிக்கப் படை) காவல் போன மற்றப் பிரிவுகளுக்குச் சராசரி 46. பொய்யான பூஜ்யத்தைவிட உண்மையான 27 எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஏனென்றால் அதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க 46 இருக்கிறது.

---

கொடிவழி:

சின்னச் சந்தேகம். இவர்களைச் செவ்வால்காரர்கள் என்று சொல்வது ஏன்? வாலில் சிவப்பு அடித்தது வேறு யாரும் செய்யாததா?

---

கணக்குவாத்தியார்:

ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு நிறம் இருந்தது. வானத்தில் தூரத்திலிருந்தே நம் ஆள் யார் என்று குண்டுவீச்சு விமானக்காரர்களுக்குத் தெரிய வேண்டும் அல்லவா? டஸ்கீகி விமானிகள் இருந்த 332-வது போர்விமானப் பிரிவுக்குச் சிவப்பு. அதனுள் 99, 100, 301, 302 என்று நான்கு ஸ்குவாட்ரன்கள். மெக்கீ 302-இல் இருந்தவர். அவர்களுடைய தளம் இத்தாலியின் கிழக்குக் கரையில் ரமிட்டெல்லி. தட்டிச் சமன் செய்த நிலத்தில் ஓட்டையுள்ள இரும்புத் தகடுகளைப் பரப்பி ஓடுதளமாக வைத்திருந்தார்கள். அங்கிருந்து ஏட்ரியாட்டிக் கடலைத் தாண்டி, ஆல்ப்ஸ் மலையைத் தாண்டிப் போய், அதே வழியில் திரும்ப வேண்டும்.

---

வெயில்மகள்:

எல்லோரும் ஆகாயத்திலேயே இருக்கிறீர்கள். நான் கொஞ்சம் தரைக்கு வருகிறேன்.

கல்யாணமாகி ஒன்பதாம் நாள் கணவர் படைக்குப் போகிறார். 1944 முழுக்க இத்தாலியில் இருக்கிறார். திரும்பி வந்து சில வருடத்தில் கொரியா. பிள்ளைகள் வளர்ந்து பெரியவர்களான பிறகு வியட்நாம். பிரான்சஸ் எத்தனை தடவை வீட்டைக் காலி செய்திருப்பார், எத்தனை பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைச் சேர்த்திருப்பார்? கணவருடைய வாழ்க்கைக் குறிப்பில் மனைவிக்குக் கிடைப்பது கல்யாணத் தேதியும் இறந்த வருடமும்தான்.

என் அப்பாவும் ராணுவத்தில் இருந்தவர். டிரான்ஸ்ஃபர் உத்தரவு அப்பாவுக்கு வரும், ஆனால் பெட்டி கட்டுவது அம்மா. புது ஊரில் பால்காரர் யார், டாக்டர் எங்கே, எந்தப் பள்ளியில் நடுவருடத்தில் சேர்ப்பார்கள் என்று கண்டுபிடிப்பதும் அம்மா. அப்பா போன மறுநாளே அவருக்குத் தெரிந்த வேலை, தெரிந்த மனிதர்கள். அம்மாவுக்கு ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து.

அதனால் “மெக்கீ ஏன் இருந்தார்” என்று கேட்கும்போது, “பிரான்சஸ் எப்படி இருந்தார்” என்றும் கேளுங்கள். அவர் ஒத்துழைக்காமல் அந்த முப்பது வருடம் நடந்திருக்காது.

---

தாழப்பறக்கும்காகம்:

வெயில்மகள், நீங்கள் கேட்டது நியாயம். நான் முதல் பதிவிலேயே விரிவாகப் பேசியிருக்க வேண்டிய விஷயம் இது.

அவர்களுக்கு இன்னொரு சுமையும் இருந்தது. 1948 ஜூலை 26 அன்று அதிபர் ட்ரூமன் 9981 எண்ணுள்ள ஆணையில் கையெழுத்திட்டார். படைகளில் இனப் பிரிவினை கூடாது என்று அது சொன்னது. மற்றப் படைகளைவிட விமானப்படை அதைச் சீக்கிரம் செயல்படுத்தியது. ஆனால் அந்த ஆணை தளத்தின் வேலிக்குள்ளே மட்டும்தான். வாசலுக்கு வெளியே உள்ள ஊரில் வாடகை வீடு கேட்டால் கறுப்பினக் குடும்பத்துக்கு இல்லை என்பார்கள். தெற்கு மாநிலங்களில் பள்ளிக்கூடமும் தனி. உணவகத்தில் உட்கார முடியாது. இரவு காரில் போகும் வழியில் தங்க அறை கிடைக்காது.

1962-இல் அதிபர் கென்னடி இதை ஆராயவே கெர்ஹார்ட் கெசல் என்ற வழக்கறிஞர் தலைமையில் ஒரு குழு போட்டார். படைவீரர்களின் குடும்பங்கள் தளத்துக்கு வெளியே படும் பாட்டை அந்தக் குழு 1963-இல் அறிக்கையாகக் கொடுத்தது. வீட்டு வாடகையில் இனம் பார்ப்பதைத் தடுக்கும் நாடு தழுவிய சட்டம் வந்தது 1968-இல். மெக்கீ ஓய்வு பெறுவதற்கு ஐந்து வருடம் முன்னால்! ஆக அவருடைய பணிக்காலத்தின் பெரும்பகுதியில், ஒரு போஸ்டிங் உத்தரவு வந்தால் அந்தக் குடும்பம் முதலில் யோசிக்க வேண்டியது, அங்கே நம்மை யார் வீட்டில் வைப்பார்கள் என்பதைத்தான்.

பிரான்சஸ் 1994-இல் இறந்தார். ஐம்பது வருடத்துக்கு மேல் சேர்ந்து வாழ்ந்திருக்கிறார்கள். மெக்கீ தன் பி-51 மஸ்டாங் போர்விமானத்தின் முகப்பில் எழுதி வைத்திருந்த பெயர் ‘கிட்டன்’, அதாவது பூனைக்குட்டி. அவர் மனைவியைக் கூப்பிடும் செல்லப்பெயர்.

---

சூலூர்க்காற்று:

அந்தக் கிட்டனைப் பற்றி நானும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் என் ஆட்களும் இருக்கிறார்கள். பெயர் மனைவிக்காக வைத்தது என்றாலும், எஞ்சின் பூனைக்குட்டி மாதிரி இதமாக உறுமும்படி அதைப் பராமரித்தவரையும் சேர்த்துத்தான் அந்தப் பெயருக்கு மெக்கீ விளக்கம் சொல்வார். அந்தத் தரைக்குழுத் தலைவரின் பெயர் நத்தேனியல் வில்சன். புகழ் பெற்ற பிறகும் மெக்கீ இவருடைய பெயரைச் சொல்லத் தவறியதில்லை. விமானி ஏறி உட்கார்ந்து கதவை மூடும்போது, கீழே நிற்கும் ஆளின் வேலையை நம்பித்தான் கிளம்புகிறார். அதை உணர்ந்த விமானியை எங்களுக்கு உடனே அடையாளம் தெரியும். சிலர் இறங்கியதும் நேரே பேசாமல் போய்விடுவார்கள். சிலர் நின்று, வலது பக்கம் கொஞ்சம் இழுக்கிறது, இந்த வேகத்தில் அதிர்வு தெரிகிறது என்று விவரமாகச் சொல்வார்கள். இரண்டாம் வகை ஆட்களின் விமானத்துக்கு நாங்கள் சாப்பாட்டு நேரத்தைக்கூடப் பார்க்க மாட்டோம்.

இப்போது உங்கள் மூலக் கேள்விக்கு வருகிறேன். போர் முடிந்த பிறகு மெக்கீ என்ன செய்தார் தெரியுமா? விமானப் பராமரிப்புப் படிப்பு படித்தார். கான்சஸில் வானிலேயே எரிபொருள் நிரப்பும் விமானப் பிரிவில் பராமரிப்பு அதிகாரியாக வேலை பார்த்தார். கொரியாவுக்குப் போகும் முன்னால் நடந்தது இது. என் வாதம் என்னவென்றால், அவர் படையில் தங்கியதற்கான காரணம் இங்கே தெரிகிறது. பறப்பதற்கு மட்டும் ஆசைப்பட்டவர் என்றால் பறக்க வாய்ப்பு குறைந்ததும் போயிருப்பார். இவர் விமானம் என்ற பொருளையே முழுசாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைத்தவர். ஒரு விமானத்தை ஆகாயத்தில் வைத்திருக்க எத்தனை பேர், எத்தனை உதிரிப் பாகம், எத்தனை படிவம் தேவை என்பதைக் கற்றவர். அப்படிப்பட்டவருக்கு விமானப்படையைவிட்டால் வேறு இடம் ஏது?

---

நெய்தல்நிலம்:

எல்லோரும் பாராட்டுகிறீர்கள். நான் ஒரு கடினமான கேள்வி கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

1925-இல் அமெரிக்க ராணுவப் போர்க் கல்லூரி ஓர் அறிக்கை எழுதியது. கறுப்பினத்தவருக்குப் போரில் துணிவும் தலைமைத் திறனும் போதாது என்று அதில் இருந்தது. அந்த எண்ணத்தில் ஊறிய படைதான் இவர்களைச் சோதனைக்காக டஸ்கீகியில் சேர்த்தது. 1945 ஏப்ரலில் இந்தியானாவின் ஃப்ரீமன் ஃபீல்டு விமானத் தளத்தில், வெள்ளைக்காரர்களுக்கென்று ஒதுக்கிய அதிகாரிகள் மன்றத்துக்குள் நுழைய முயன்றதற்காகக் கறுப்பின அதிகாரிகளைக் கைது செய்தார்கள். போர் முடியும் முன்பே, அதே சீருடை அணிந்தவர்கள் மேல்! இத்தாலியில் இவர்களைப் போன்றவர்கள் செத்துக்கொண்டிருந்த அதே நேரத்தில்!

இப்படிப்பட்ட அரசுக்காக ஒருவர் கொரியாவிலும் வியட்நாமிலும் பறக்கிறார். வியட்நாமில் யார் மேல் யார் குண்டு போட்டார்கள் என்று நமக்குத் தெரியும். நாஜிகளுக்கு எதிராகப் பறந்ததை நான் மதிக்கிறேன். அதே தராசில் வியட்நாமையும் வைக்க என்னால் முடியவில்லை. பணிப்பதிவு நீளமானது என்பதாலேயே அது போற்றத்தக்கது ஆகிவிடுமா?

---

தாழப்பறக்கும்காகம்:

நெய்தல், கேட்க வேண்டிய கேள்விதான். இரண்டு பகுதியாகப் பதில் சொல்கிறேன்.

முதலில், ஏன் வெளியே போகவில்லை என்பது. வெளியே என்ன இருந்தது? போர் முடிந்ததும் ஆயிரக்கணக்கான வெள்ளைக்கார விமானிகள் பயணிகள் விமான நிறுவனங்களுக்குப் போனார்கள். கறுப்பின விமானிகளுக்கு அந்தக் கதவு மூடியே இருந்தது. மார்லன் கிரீன் என்பவருடைய கதை தெரியுமா? விமானப்படையிலிருந்து விலகி 1957-இல் கான்டினென்டல் ஏர்லைன்ஸில் விமானி வேலைக்கு விண்ணப்பித்தார். அவரைவிட அனுபவம் குறைந்த வெள்ளைக்காரர்களை எடுத்துக்கொண்டு அவரை விட்டுவிட்டார்கள். அவர் வழக்குப் போட்டார், அது உச்ச நீதிமன்றம் வரை போனது. 1963-இல் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் அவர் பக்கம் தீர்ப்பு சொன்னார்கள். அதற்கப்புறமும் அவர் அங்கே வேலையில் சேர 1965 ஆகிவிட்டது. கல்யாணமாகிப் பிள்ளைகள் உள்ள ஒரு மனிதர் 1946-இல் தன் வாழ்க்கையைத் திட்டமிடும்போது இதுதான் வெளியுலகம். விமானத்தோடு வாழ வேண்டுமென்றால், மாதச் சம்பளமும் வர வேண்டுமென்றால், பாகுபாடு இருந்தாலும் விமானப்படை ஒன்றுதான் கைக்கு எட்டிய இடம். அடிமைப் புத்தி என்று இதை யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன். இருக்கிற கதவுகளில் எது கொஞ்சமாவது திறக்கும் என்று பார்த்து அதைத் தோளால் தள்ளியவர் அவர்.

இரண்டாவது, வியட்நாம். அங்கே அவர் ஓட்டியது ஆர்எஃப்-4சி. ஃபேன்டம் விமானத்தின் வேவு பார்க்கும் வகை. குண்டோ ஏவுகணையோ கிடையாது, கேமராக்கள்தான். சைகானை அடுத்த டான் சன் நூட் தளத்திலிருந்து 170 தடவைக்கு மேல் போயிருக்கிறார். அந்தப் படங்களைப் பார்த்துத்தான் மற்றவர்கள் குண்டு போட்டார்கள் என்பதை மறைக்க மாட்டேன். கேமரா வைத்திருந்ததால் அவருக்கும் அந்தப் போருக்கும் தொடர்பில்லை என்று சொல்வது நேர்மையாகாது. வியட்நாம் போர் தவறு என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனாலும் ஐம்பதை நெருங்கும் வயதில், ஆயுதமில்லாத விமானத்தில், தாழப் பறந்து படம் எடுத்துத் திரும்பியவரின் துணிச்சலை என்னால் குறைத்துப் பார்க்க முடியவில்லை. இரண்டும் என் மனதில் சேர்ந்தே இருக்கின்றன.

---

நெய்தல்நிலம்:

மார்லன் கிரீன் பற்றிச் சொன்னது எனக்குப் புதிது. அந்தப் பகுதியை ஒத்துக்கொள்கிறேன், போக வேறு இடம் இல்லை என்பது பெரிய காரணம். வியட்நாம் பற்றிய என் கருத்தில் மாற்றமில்லை. ஆனால் நீங்கள் அதைப் பூசி மெழுகாமல் பேசியதற்கு நன்றி.

---

சூலூர்க்காற்று:

கொரியாவை யாரும் தொடவில்லையே. இந்தப் பகுதியை நான் சொல்கிறேன்.

அங்கே அவர் 67-வது ஸ்குவாட்ரனில் சரியாக 100 பறப்பு முடித்தார். ஓட்டியது மறுபடியும் மஸ்டாங். இத்தாலியில் அதே விமானம் ஆறேழு கிலோமீட்டர் உயரத்தில் காவல் போனது. உயரமும் வேகமும் அதற்குப் பலம். கொரியாவில் அதைத் தரையை ஒட்டிப் பறந்து குண்டு போடவும் ராக்கெட் வீசவும் பயன்படுத்தினார்கள். மஸ்டாங்கின் எஞ்சின் திரவத்தால் குளிர்விக்கப்படுவது. வயிற்றுப் பகுதியில் ரேடியேட்டர். ஒரே ஒரு துப்பாக்கிக் குண்டு அதில் ஓட்டை போட்டாலும் திரவம் ஒழுகி, சில நிமிடத்தில் எஞ்சின் சூடேறி நின்றுவிடும். தரையிலிருந்து ஒரு சிப்பாய் சுட்டால்கூடப் போதும். இந்த வேலைக்கே பொருந்தாத விமானத்தில் 100 தடவை போய்த் திரும்பியிருக்கிறார். பராமரிப்பு படித்த விமானி என்பதால் அந்த ரேடியேட்டர் எங்கே இருக்கிறது, அடிபட்டால் என்ன ஆகும் என்பதெல்லாம் மற்றவர்களைவிட நன்றாகவே தெரிந்திருக்கும்.

இன்னொன்று, கொரியாவில் அவர் பறந்தபோது ஸ்குவாட்ரன்களில் இனப் பிரிவினை எடுக்கப்பட்டுவிட்டது. இத்தாலியில் ரமிட்டெல்லித் தளத்தில் தன் இனத்தவர்களோடு மட்டும் இருந்த ஆள், ஆறேழு வருடத்தில் எல்லோரோடும் கலந்து பறக்கிறார். பிற்பாடு பிலிப்பைன்ஸில் ஒரு ஸ்குவாட்ரனுக்கே தலைவர். அதற்கப்புறம் இத்தாலியில் ஜோயா டெல் கோலேவில் ஒரு பிரிவுக்கும் தலைமை. 1944-இல் லெப்டினன்ட்டாகப் பறந்த நாட்டுக்கே கட்டளை அதிகாரியாகத் திரும்பிப் போகிறார்!

---

கொடிவழி:

டஸ்கீகி விமானிகளுக்குத் தலைவராக இருந்த பெஞ்சமின் டேவிஸும் இப்படித்தான் தாக்குப்பிடித்தவர் என்று படித்தேன். சரிதானா?

---

தாழப்பறக்கும்காகம்:

ஆமாம். வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் அவர் படித்த நான்கு வருடமும் சக மாணவர்கள் அவரோடு வேலை தவிர வேறு எதற்கும் பேசவில்லை. சாப்பிடும்போதும் தனி, அறையிலும் தனி. 1936-இல் தேறி வெளியே வந்தார். 332-வது பிரிவுக்குத் தளபதி ஆனதும் தன் விமானிகளிடம் அவர் கண்டிப்பாகக் கேட்டது, குண்டுவீச்சு விமானங்களை விட்டு விலகி எதிரியைத் துரத்திப் போகாதீர்கள் என்பதுதான். வாத்தியார் மேலே சொன்ன 27-க்கும் 46-க்கும் உள்ள வித்தியாசத்தில் அந்தக் கண்டிப்புக்குப் பங்கு உண்டு. மெக்கீயின் கணக்கில் வீழ்த்திய விமானம் ஒன்றே ஒன்று என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். துரத்திப் போனால் பெயர் வரும். கூடவே இருந்தால் கனரக விமானத்தில் உள்ள பத்துப் பேர் வீடு திரும்புவார்கள்.

---

வெயில்மகள்:

சரி, ஓய்வுக்குப் பிறகு என்ன செய்தார்? என் அப்பா ரிட்டயர் ஆனதும் வீட்டில் என்ன செய்வதென்று தெரியாமல் தவித்ததைப் பார்த்தவள் நான். அதனால் இந்தப் பகுதிதான் எனக்கு ரொம்ப முக்கியம்.

---

தாழப்பறக்கும்காகம்:

கடைசிப் போஸ்டிங்கிலிருந்து தொடங்குகிறேன். 1972-இல் மிசூரி மாநிலத்தின் ரிச்சர்ட்ஸ் கெபார் விமானத் தளத்துக்குத் தளபதி ஆனார். தளம் என்றால் ஓடுதளமும் விமானக் கொட்டகையும் மட்டும் கிடையாது. குடியிருப்பு, மருத்துவமனை, கடை, காவல், தண்ணீர் எல்லாம் சேர்ந்த ஒரு சிற்றூர். வாடகை வீடு கிடைக்காமல் அலைந்த தலைமுறையைச் சேர்ந்த ஒருவர், யாருக்கு எந்த குவார்ட்டர்ஸ் என்பது தன் கையெழுத்தில் முடியும் பதவிக்கு வந்தார். அவருடைய பதவிகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

ஓய்வுக்கு அப்புறம் தனியார் வேலைக்குப் போனார். கான்சஸ் சிட்டி நகர விமான நிலையத்துக்கு மேலாளராகவும் இருந்தார். வெயில்மகள், உங்களுக்குப் பிடிக்கும் என்று ஒரு விஷயம் வைத்திருக்கிறேன். 1942-இல் பாதியில் விட்டுப் போன பட்டப் படிப்பை 1978-இல், 58 வயதில், வணிக நிர்வாகத்தில் முடித்தார். கர்னலாக ஓய்வு பெற்றவருக்கு அந்தப் பட்டத்தால் புதிதாக ஆக வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. இருந்தாலும் முடித்தார்.

டஸ்கீகி விமானிகள் சங்கத்துக்கு இரண்டு முறை தலைவராக இருந்தார். பள்ளி பள்ளியாகப் போய்ப் பிள்ளைகளிடம் பேசினார். 2007-இல் டஸ்கீகி விமானிகள் எல்லோருக்கும் சேர்த்து அமெரிக்க நாடாளுமன்றத்தின் தங்கப் பதக்கம் கொடுத்தார்கள். 2020 பிப்ரவரியில், நூறு வயதில், பிரிகேடியர் ஜெனரல் என்ற கௌரவப் பதவி கிடைத்தது. நூறாவது பிறந்தநாளை ஒட்டி ஒரு சிறிய ஜெட் விமானத்தை ஓட்டவும் செய்தார். அவருடைய வாழ்க்கையை முழு நூலாக எழுதியவர் அவருடைய மகள்.

---

வெயில்மகள்:

மகள் எழுதினார் என்பதைப் படித்ததும் கண் கலங்கிவிட்டது. ஊர் ஊராக இழுபட்ட பிள்ளைக்கு அப்பா மேல் வருத்தம் இருக்கும், எனக்கும் இருந்தது. அத்தனை வருட இடமாற்றத்துக்கும் பிறகு, உட்கார்ந்து அவர் கதையைக் கேட்டு, தேதி தேதியாகச் சரிபார்த்து எழுத ஒரு மகளுக்குத் தோன்றியிருக்கிறது என்றால், அந்த வீட்டில் அப்பா வெறும் சீருடையாக மட்டும் இருந்திருக்க முடியாது. பதக்கங்களைவிட இதுதான் எனக்கு அத்தாட்சி.

---

சூலூர்க்காற்று:

அம்மணி சொன்னதை அப்படியே ஏற்கிறேன். எங்கள் ஆட்களில் பலருடைய பிள்ளைகளுக்கு அப்பா எந்த ஸ்குவாட்ரனில் இருந்தார் என்பதே தெரியாது. நாங்களும் சொல்வதில்லை, அவர்களும் கேட்பதில்லை. இந்த இழையைப் படிக்கும் யார் வீட்டிலாவது விமானப்படையில் இருந்த பெரியவர் இருந்தால், எந்தத் தளம், எந்த விமானம், அங்கே யார் யார் கூட இருந்தார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். தரைக்குழு ஆட்களின் பெயரையும் கேளுங்கள்.

---

கணக்குவாத்தியார்:

சூலூர் ஐயா, நீங்களே தொடங்குங்கள். நீங்கள் வேலை பார்த்த விமானங்களைப் பற்றித் தனி இழை போட்டால் கேட்க என்னிடம் ஒரு பக்கம் கேள்வி இருக்கிறது. முதல் கேள்வி இப்போதே: திரவக் குளிர்விப்பு எஞ்சினையும் காற்றுக் குளிர்விப்பு எஞ்சினையும் பராமரிப்பதில் எது தலைவலி?

---

சூலூர்க்காற்று:

நான் பார்த்ததெல்லாம் ஜெட் எஞ்சின்கள் வாத்தியாரே, அதில் இந்த இரண்டுமே கிடையாது. ஆனால் எனக்குப் பயிற்சி கொடுத்த மூத்தவர் பழைய பிஸ்டன் எஞ்சின்களில் கை வைத்து வளர்ந்தவர். அவர் சொல்லித் தந்தது கொஞ்சம் நினைவிருக்கிறது. இந்த வார இறுதிக்குள் இழை தொடங்குகிறேன்.